நேராத விபத்துகள்

ரத்தினம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காப்பீட்டுப் பாலிசியின் அந்தப் பகுதியை மறுபடியும் படித்தார். "வண்டிய ஓட்டும்போதோ, ஏறும்போதோ, எறங்கும்போதோ நடக்கற விபத்துல ஓனர் எறந்துட்டா…" அச்சில் ஆங்கிலமாக இருந்ததை அவர் வாய்க்குள் தமிழாக்கிக்கொண்டே போனதால் ஒவ்வொரு சொல்லுக்கு முன்னும் ஒரு சிறு இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளிகளைப் பக்கத்து வெல்டிங் ஓசை நிரப்பியது.

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றின் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். புதுப் பலகையும் தின்னரும் கலந்த நெடி. முற்பகல் வெயில் தகரத்தின் ஆணித் துளைகள் வழியாக இறங்கித் தரையில் சிறு காசுகளாகக் கிடந்தது. எதிரே என் தம்பி செங்கோட்டுவேலின் பன்னிரண்டு சக்கர லாரி, பாரம் இறக்கி, கழுவப்பட்டு நின்றது. அவனுடைய காரியம் முடிந்து சில நாள்களே ஆகியிருந்தன.

இத்தொடரில் அவனைப் பற்றி நான் இதுவரை ஒரு வரியும் எழுதவில்லை. எழுதுவதற்கு வேண்டிய தொலைவுக்கு அவன் இன்னும் போகவில்லை என்பதே காரணம். இப்போதும் போகவில்லை. ஆனால் அன்று பட்டறையில் நடந்ததை எழுதாமல் இருப்பது இயலாது என்று படுகிறது.

இருந்தவர்கள் நால்வர். ரத்தினம், தம்பியின் லாரிக்கு ஆண்டுதோறும் காப்பீடு போட்டுக்கொடுத்த முகவர். பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்த மாது, ஓமலூர்ப் பக்கத்து ஓட்டுநர். என் தம்பியை உயிரோடு கடைசியாகப் பார்த்தவர். பூங்கொடி, தம்பியின் மனைவி. பிறகு நான்.

முடிவு செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த லாரி பூங்கொடியிடம் இருக்குமா, கடன் கொடுத்தவர்களிடம் போகுமா?

டயர்க் கணக்கு

என் தம்பி பிறருக்கு வேலை செய்து, பிறகு கடன் வாங்கி, தானே உரிமையாளனாகவும் தானே ஓட்டுநராகவும் ஆனவன். ஒற்றை லாரிக்காரன். நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். இவ்விரு தொழில்களுக்கும் இடையே ஓர் உறவு உண்டு என்று அவன் உறுதியாக நம்பினான். நாட்டில் காப்பீட்டுக் கட்டணம் ஏறுவதற்கு என்னைப் போன்றவர்களே பொறுப்பு என்பது அவன் கட்சி.

ஆண்டுக்கொரு முறை, பணம் கட்டிய கையோடு, கொண்டப்பநாயக்கன்பட்டியில் உள்ள என் வீட்டுக்கு வருவான். செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிடுவான்.

"ஏனுங்ணா, உங்காளுங்க இந்த வருசமும் ஏத்திட்டாங்க."

"மொத்தம் எவ்வளவு?"

"நாலு டயருங்."

லாரிக்காரர்கள் பெரிய செலவைப் பணமாகச் சொல்ல விரும்புவதில்லை. டயராகச் சொல்வார்கள். நான்கு புது டயர் வாங்கும் பணம் என்றால், டீசலும் சுங்கமும் தவணையும் போக ஒற்றை லாரிக்காரன் பல மாதம் ஓடி மிச்சம் பிடிக்கவேண்டிய பணம்.

"வருசா வருசம் நாலு புது டயர வாங்கிக் கெணத்துல போடறாப்ல இருக்குதுங்ணா. தொப்புனு ஒரு சத்தங்கூட வரமாட்டீங்குது."

நான் விளக்குவேன். அந்தத் தொகையின் பெரும்பங்கு அவனுக்கோ அவன் லாரிக்கோ உரியது அன்று. அந்த லாரியால் அடிபடக்கூடிய எவரோ ஒருவருக்கு, பாலிசி 'மூன்றாம் மனிதர்' என்று குறிப்பிடுபவருக்கு உரியது. லாரியின் மொத்த எடையைப் பார்த்து அரசே அந்தப் பகுதியை நிர்ணயிக்கிறது. எடை கூடினால் கட்டணம் கூடும். ஏனெனில் அத்தனை டன் ஒரு மனிதனின் மேல் மோதினால் மிஞ்சுவது ஏதுமில்லை. அவன் குடும்பத்துக்கு நீதிமன்றம் எவ்வளவு தரச் சொல்லும் என்பதற்கு மேல் வரம்பும் இல்லை.

"அந்த மூணாவது ஆளு யாருங்ணா? இத்தன வருசமா அவனுக்குத்தான் கட்டறேன். ஒருநாளும் கண்ணுல படலியே?"

"படாதவரை உனக்கும் நல்லது, அவனுக்கும் நல்லது."

"நான் ஒழுங்கா ஓட்டறேன். குடிச்சுப்போட்டு ஓட்டறவனும் அதே காசுதான் கட்டறான். அப்ப ஒழுங்கா இருக்கறதுக்குத் தண்டனைங்களா?"

அந்தப் பகுதியில் நல்லவன், கெட்டவன் என்ற பேதம் இல்லை என்பதை ஒப்புக்கொள்வேன். பிறகு மற்றப் பகுதிக்கு வருவேன். லாரிக்கு நேரும் சேதத்துக்கான கட்டணம் அதன் மதிப்பையும் வயதையும் பொறுத்தது. ஐம்பது லாரி வைத்திருப்பவர் அதில் பேரம் பேசலாம். அவருடைய ஒரு லாரி கவிழ்ந்தால் மற்ற நாற்பத்தொன்பதின் கட்டணம் அதைத் தாங்கும். ஒற்றை லாரிக்காரனுக்கு அந்தத் துணை இல்லை. கடன் தீரும்வரை அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவனுக்கு இல்லை. இவற்றோடு ஓட்டுநருக்கும் உரிமையாளருக்கும் சில சிறு காப்புகள், எல்லாவற்றுக்கும் மேலே வரி.

நான் இப்படி அடுக்கிக்கொண்டிருக்கையில் அவன் உள்ளே திரும்பி, "அண்ணி, அண்ணனுக்கு இன்னும் பெல் அடிக்கலீங்களா?" என்று கேட்பான். என் மனைவி சிரித்துக்கொண்டே காப்பி கொண்டுவருவாள். அத்துடன் வகுப்பு முடியும்.

ஒரே ஒரு வரி

அவன் குறை சொல்லாத ஒரு வரி அந்தப் பாலிசியில் இருந்தது. நோ கிளெய்ம் போனஸ். ஓராண்டு முழுவதும் சேதத்துக்கென்று ஒரு பைசாவும் கோராதவனுக்கு, அடுத்த ஆண்டின் வண்டிச் சேதக் கட்டணத்தில் ஒரு தள்ளுபடி. ஆண்டுகள் தொடர்ந்தால் அந்தப் பகுதியில் பாதி வரைக்கும் ஏறும். ஒரே ஒரு கோரிக்கை வைத்தால் மீண்டும் தரையிலிருந்து தொடங்கவேண்டும்.

என் தம்பிக்கு அந்தப் பாதி முழுமையாகக் கிடைத்துவந்தது. ஒருமுறை முன்னால் போன டிப்பரிலிருந்து தெறித்த ஜல்லி அவனது முன் கண்ணாடியைச் சிதறடித்தது. நியாயமாகக் கோரியிருக்கலாம். கோரவில்லை, கைப்பணம் போட்டு மாற்றினான். "போனஸ் போயிருமுங்ணா" என்றான். வெறும் சிக்கனம் என்றே அப்போது எண்ணினேன்.

நான் வாழ்நாளெல்லாம் நிகழ்ந்தவற்றையே எண்ணினேன். என் துறை அப்படி. பிறப்பு, இறப்பு, மழை, விளைச்சல், விபத்து எல்லாவற்றுக்கும் அட்டவணையில் ஒரு நிரல் உண்டு. நிகழாமல் போனவற்றுக்கு நிரல் இல்லை. ஒரு மனிதன் சரியான கணத்தில் பிரேக்கை மிதித்ததால் சாலையைக் கடந்து பள்ளிக்குப் போய்விட்ட குழந்தையை எந்தக் கணக்கெடுப்பும் அறியாது. அந்தக் குழந்தையும் அறியாது.

நாமக்கல்லிலிருந்து நாள்தோறும் புறப்படும் லாரிகளை நினைத்துப் பாருங்கள். கோழித் தீவனம், முட்டை, ஜவ்வரிசி, இரும்பு. எத்தனை ஊர்களின் நடுவே, எத்தனை ஆயிரம் மனிதர்களின் ஒரு முழம் பக்கத்தில் அவை நாடு முழுவதும் ஓடித் திரும்புகின்றன! அவற்றுள் மிகப் பெரும்பாலானவை யாரையும் தொடாமல் வீடு வந்து சேர்கின்றன. இந்த மாபெரும் நிகழாமையை ஏதோ ஒரு வகையில் மதித்து, அதற்கென்று விலை வைத்து அச்சிடும் தாள் ஒன்று உலகத்தில் இருக்கிறது. என் தம்பியின் இருக்கைக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறையில், அது தொங்கிக்கொண்டிருந்தது.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல"

மாது சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன்.

இருவரும் தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு, முன்னும் பின்னுமாக வந்தார்கள். நன்றாக விடிந்துவிட்டது. தருமபுரி தாண்டி, தொப்பூர் இறக்கம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, என் தம்பியின் லாரி இடது பக்க விளக்கைப் போட்டு வேகம் குறைந்தது. ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டி, பன்னிரண்டு சக்கரமும் மண்ணுக்கு வரும்வரை ஒதுங்கி நின்றது.

"அப்படி யாருங்க சார் நிறுத்துவாங்க? பாதி வண்டிய ரோட்டுலயே வுட்டுட்டு டீ குடிக்கப் போறவங்கதான் எங்காளுங்க" என்றார் மாது.

தம்பி இறங்கினான். சக்கரத்துக்குக் கட்டை வைத்தான். மாது தன் லாரியை முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத் திரும்பி நடந்து வந்தபோது, அவன் சாலையோரத்து வேம்பில் ஒரு கிளையை இழுத்து ஒடித்துக்கொண்டிருந்தான். பழுதாகி நிற்கும் லாரிக்குப் பின்னால் சாலையோரத்தில் பச்சைக் கிளை போட்டுவைப்பது இங்குள்ளவர்களின் வழக்கம். பின்னால் வருபவர் தொலைவிலேயே பார்த்து விலகிக்கொள்வார். கிளையைத் தரையில் இழுத்தபடி அவன் லாரிக்குப் பின்புறமாக நடந்து போனானாம். நடுவில் ஒருமுறை நின்று, முழங்காலில் கையூன்றிக் குனிந்து, மறுபடியும் நடந்தானாம்.

"என்னங்ணா, பிரேக்டவுனா?" என்று மாது கத்திக் கேட்டிருக்கிறார்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல மாது. எனக்குத்தான்."

கிளையை வைத்துவிட்டுத் திரும்பி வந்து, பின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். சட்டை முழுவதும் நனைந்திருந்தது. இறக்கத்தில் இது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னான். தண்ணீர் கேட்டான். மாது தன் லாரிக்கு ஓடித் தண்ணீர்ப் புட்டியோடு வருவதற்குள் அவன் பக்கவாட்டில் சரிந்திருந்தான். நெற்றியில் ஒரு சிராய்ப்பு. ஆம்புலன்ஸ் விரைவாகவே வந்தது. மருத்துவமனையில், இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

அந்த இறக்கத்தை அறிந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்லவேண்டியதில்லை. அறியாதவர்களுக்கு ஒன்று: பாரம் ஏற்றிய லாரி ஒன்று அங்கே தன் வசம் இழந்தால், கீழே வரிசையாக இறங்கும் பேருந்துகளும் கார்களும் தப்பும் என்று எவரும் உறுதி கூற இயலாது. அன்று காலை அந்தச் சரிவில் இறங்கியவர்கள் எவர் எவரோ. அவர்கள் வீடு சேர்ந்து, தோசை தின்று, வேலைக்குப் போயிருப்பார்கள்.

ஒரு வார்த்தை

ரத்தினம் பாலிசியை மடித்தார். அவர் கெட்டவர் அல்லர். பூங்கொடிக்கு ஏதாவது கிடைக்கவேண்டும் என்று உண்மையாகவே விரும்பினார்.

"அக்கா, நான் வெளிப்படையாச் சொல்லீர்றேன். உரிமையாளருக்குன்னு விபத்துக் காப்பு இருக்குது. ஆனா அது விபத்துக்கு மட்டுந்தானுங்க. நெஞ்சுவலிக்கு ஒண்ணும் வராது. அண்ணன் நிறுத்தாம ஓட்டியிருந்து, எங்காவது மோதியிருந்தா அது வேற."

அந்த வாக்கியத்தின் பொருள் எங்கள் ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு வேகத்தில் வந்து சேர்ந்தது. அவன் லாரியை ஓரங்கட்டியதாலேயே அவன் குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை.

"நெத்தியில காயம் இருக்குதில்லீங்களா?" என்று ரத்தினம் தொடர்ந்தார். "எறங்கும்போது படியில கால் வழுக்கி வுழுந்தாரு, வுழுந்த அதிர்ச்சியில நெஞ்சு நின்னுபோச்சு. அப்படி இருந்தா அது விபத்து. பார்த்தவரு ஒருத்தருதான். மாது ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மீதிய வக்கீல் பாத்துக்குவாரு. லாரிக் கடன் மொத்தமா அடைஞ்சிரும்."

"சொல்றனுங்க" என்றார் மாது உடனே. "அண்ணனுக்காகச் சொல்றேன். எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து நிக்கறேன்."

பூங்கொடி என்னைப் பார்த்தாள். நான் லாரியைப் பார்த்தேன். கடன் இல்லாத லாரி என்பது அவளுக்கு என்ன என்பதை நான் அறிவேன். தம்பி ஓட்டினான், பாரம் பிடிப்பதும், புரோக்கர்களோடு கைப்பேசியில் சண்டையிடுவதும், வாடகை வசூலிப்பதும் அவளே. அது அவளுடைய தொழிலும்தான்.

"மாது, கெளைய எவ்வளவு தூரத்துல வச்சிருந்தாரு?" என்று கேட்டாள்.

"நல்ல தூரமுங்க அண்ணி. மூணு லாரி நீளம் இருக்கும்."

"அத்தன தூரம் இழுத்துட்டுப் போனாரா?"

"ஆமாங்க."

அவள் ரத்தினத்திடம் திரும்பினாள்.

"எறங்கும்போதே வுழுந்துட்டாருன்னு எழுதுனா, அந்தக் கெளைய ஆரு வச்சதுன்னு எழுதுவீங்க?"

"அதை எதுக்குங்க்கா எழுதணும்? கெளையப் பத்தி ஆரு கேக்கப் போறாங்க? கெளைக்கு ஆரு காசு தருவாங்க?"

"தரவேண்டாம். ஆனா படியிலயே வுழுந்தவரு எந்திரிச்சுப் போயிக் கெளை வைக்க முடியாது. அப்ப அவரு வைக்கலைன்னு ஆயிரும். மாது கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொல்லோணும், எங்கூட்டுக்காரரு அதை வைக்கவே இல்லைன்னு." அவள் குரல் உயரவில்லை. "கடைசியா செஞ்சது அது ஒண்ணுதானுங்க. அதையும் அவருகிட்ட இருந்து புடுங்கோணுமா?"

ரத்தினம் மடித்த பாலிசியைப் பைக்குள் வைத்தார். மாது தரையில் கிடந்த ஒரு நட்டைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

நான் நிறையப் படித்தவன். வியப்பு என்னும் சொல்லைப் பலமுறை பயன்படுத்தியவன். அதற்கு உரிய இடம் எது என்பதை அந்தத் தகரக் கூரைக்குக் கீழேதான் கண்டேன்.

வாரிசுகள்

இனி எஞ்சியது நடைமுறை. பாலிசி முடிய சில வாரங்களே இருந்தன. நான் என் யோசனையைச் சொன்னேன். லாரியை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். என் ஓய்வூதியத்தைக் காட்டினால் கடன் கொடுத்தவர்கள் அவகாசம் தருவார்கள். மெதுவாக விற்றுக்கொள்ளலாம்.

"மாத்தலாமுங்க சார்" என்றார் ரத்தினம். "ஆனா போனஸ் போயிரும். நாளைக்குப் புதுசா லாரி வாங்குனவன் கட்டற காசு கட்டணும்."

"அது வண்டியோடு வருவதில்லையா?"

"வண்டியோட வராதுங்க. மனுசனோட போறது அது. வித்தா வாங்குனவனுக்குக் கெடையாது. எறந்துட்டா மட்டும், வண்டி ஆருகிட்டப் போகுதோ அவங்களுக்குச் சேரும். அதுவும் பொண்டாட்டி, புள்ளைங்க, தாய் தகப்பன். அவ்வளவுதான்."

"அண்ணன்?"

"சேராதுங்க சார்."

அவர் அதை மிக மரியாதையாகவே சொன்னார்.

உயிலும் பத்திரமும் இல்லாமல், ஒரு மனிதன் யாரையும் மோதாமல் வாழ்ந்த ஆண்டுகள் அவன் மனைவிக்குச் சொத்தாகச் சேரும் என்று ஒரு விதி இருக்கிறது. அதை எழுதியவர் எவரோ, எந்த அலுவலகத்து மேசையிலோ. என்ன நினைத்து எழுதினாரோ தெரியாது. அந்தப் பட்டியலில் நான் இல்லை. சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

"எம்பேருக்கே மாத்தீருங்க. வண்டிய ஓட வுட்டே தவணையக் கட்டீர்றேன்" என்றாள் பூங்கொடி. "மாமா, இந்த வருசத்து இன்சூரன்ஸ மட்டும் நீங்க கட்டுங்க. கடனா. வாடகைல கழிச்சுக் குடுத்தர்றேன்."

"கடன் என்று எதற்கம்மிணி?"

"இல்லீனா வேண்டாமுங்க."

நான் ஒப்புக்கொண்டேன்.

மாது எழுந்து நின்றார். "அண்ணி, நான் ஓட்றனுங்க. இப்ப ஓட்டற மொதலாளிகிட்டக் கணக்கு முடிச்சுட்டு வாரேன். சம்பளம் என்னன்னு நீங்களே போடுங்க."

"நீ ஓட்டுவியா? போன வருசம் லாரி செட்டுக்குள்ள ரிவர்ஸ் எடுத்துப் பால்காரன் சைக்கிள நசுக்குனது ஆரு?"

"அது… ஆளில்லாத சைக்கிளுங்க."

"நாளைக்கு வண்டிய எங்காவது இடிச்சுச் சேதத்துக்குக் கிளெய்ம் போட்டா போனஸ் போச்சு. அது உங்கண்ணன் சம்பாதிச்சு வச்சது. ஒரு கீறல் வுழுந்துச்சு, உன்ன வச்சுப் பாடி கட்டீருவேன், பாத்துக்க."

ரத்தினம் முதலில் சிரித்தார். பிறகு மாது. அத்தனை நாள்களுக்குப் பின் அவள் உதட்டோரமும் அசைந்ததைக் கண்டேன்.

வாரிசுச் சான்றுக்கும் பெயர் மாற்றத்துக்கும் அலைந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததே, விட்டுவிடுகிறேன். புதிய பாலிசி அவள் பெயரில் வந்தது. மூன்றாம் மனிதருக்கான கட்டணம், யாருக்கும் எந்தச் சலுகையும் இன்றி, அப்படியே. அதற்குக் கீழே அந்த ஒரு வரி, பாதித் தள்ளுபடியோடு. ரத்தினம் தந்த தாளை அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தாள். மறுநாள் லாரி ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு வடக்கே புறப்பட்டது.

அது திரும்பும்வரை நான் நாளிதழில் சாலைச் செய்திகள் வரும் பக்கத்தைப் பிரிக்கவில்லை. திரும்பவேண்டிய நாளன்று முற்பகலில் நானே பூங்கொடியை அழைத்தேன்.

"மாது தொப்பூர் எறங்கிட்டானாமுங் மாமா. ஓமலூர்ல டீ குடிச்சுட்டு இருக்கறானாம். மத்தியானம் வந்துருவான்."

"வழியில்?"

"வழியில என்னங்? ஒண்ணும் நடக்கலீங்."

கேட்கவில்லை, மறுபடியும் சொல் என்றேன். அவள் சொன்னாள்.